இதஹரா கடையில் மழைக்கு ஒதுங்கினோம்

அன்பு மினோரிக்கு,

அப்பா எழுதுகிறேன். மத்சுயேயில் நானும் உன் அம்மாவும் சுகம், மழையும் சுகமாகப் பெய்துகொண்டிருக்கிறது. பெர்கனில் நீயும் உன் ஆய்வுக்கூடத்து மீன்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். என் முழங்கால் பரவாயில்லை. கோட்டை அகழியில் சுற்றுலாப் படகு ஓட்ட வாரத்துக்கு நான்கு நாள் போகிறேன். தாழ்வான பாலம் வரும்போது கூரையை இறக்கி, எல்லோரும் குனியுங்கள் என்று சொல்வதற்குள் போன வாரம் ஓர் உயரமான ஆள் நெற்றியில் இடித்துக்கொண்டார், நல்லவேளை சிரித்துவிட்டார். உன் அம்மா பல் மருத்துவரிடம் போய் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் இடது பக்கமாகவே மெல்லுகிறாள். நீ ராத்திரியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மட்டும் தின்றுவிட்டுப் படுப்பதாகப் போனில் சொன்னாயே, அது அவள் மனதை விட்டுப் போகவே இல்லை, ஒரு பிடி அரிசி போட்டுக் கஞ்சியாவது வைத்துக் குடி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பல் மருத்துவரிடம் போன அன்றைக்கு நடந்ததுதான் இது. திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது, ஏரிப் பக்கமிருந்து காற்று வேறு. வழக்கம்போல் உன் அம்மா மருத்துவமனைச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாம் என்றாள். உனக்குத் தெரியாது, உனக்கும் கசுமாவுக்கும் கல்யாணம் பேசி, நிச்சயம் வரைக்கும் போய், நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நார்வேக்குக் கிளம்பியதிலிருந்து நாங்கள் அவன் வீட்டாரின் இதஹரா இனிப்புக் கடை இருக்கும் தெருவில் கால் வைப்பதில்லை. ஆறு வருஷம். காலை பத்து மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று தேநீரோடு இனிப்பு சாப்பிடாவிட்டால் பொழுது நகராத இந்த ஊரில், நல்ல கடையை விட்டுவிட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். அங்கே பயறு விழுது வாயில் போட்டால் சர்க்கரை முதலில் ஓடி வரும், பயறு வரவே வராது. நானும் வாயைத் திறக்காமல் தின்றேன். அன்றைக்கு அடித்த மழையில் சந்து முழுக்கத் தண்ணீர், வேறு வழியில்லாமல் நேர் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு ஓடினோம். சரியாக அந்தக் கடை வாசலில் வந்தபோது உன் அம்மாவின் செருப்பு அறுந்துபோனது.

கூரைக்கு அடியில் ஒதுங்கி நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா தெருவைப் பார்த்தபடி சுவரோடு சுவராக நிற்கிறாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு. வாசல் திரையை விலக்கிக்கொண்டு கசுமாவின் அம்மா சுமியே வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் ரொம்பச் சாதாரணமாக, "வாசல்ல நின்னா வர்றவங்களுக்கு வழி மறைக்குதுங்க, உள்ள வாங்க" என்றாள். இதற்கு மேல் ஓட முடியுமா சொல்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். கடை அப்படியேதான் இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் இலையுதிர் காலத்துச் சரக்கு, மேப்பிள் இலை ஒன்று, கஸ்தூரி மஞ்சள் நிறத்தில் சாமந்தி ஒன்று, பனி படிந்த பெர்சிமன் பழம் போல ஒன்று. பார்த்ததும் எனக்கு நாக்கில் ஊறியது, உன் அம்மா முழங்கையால் இடித்தாள். சுமியே பச்சைத் தேநீரை நுரைக்க அடித்துக் கொண்டுவந்து வைத்தாள். உன் அம்மா அதைத் தொடாமல், பாயில் இரண்டு கையையும் ஊன்றி, அன்றைக்கு எங்களால் உங்களுக்கு நேர்ந்த அவமானத்துக்கு என்று தொடங்கிக் குனிந்தவள் நிமிரவே இல்லை. மூக்கு கிண்ணத்தில் முட்டப் போகிறது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் குனிந்தேன்.

சுமியே, "போதும், நிமிருங்க. டீ ஆறுது" என்றாள். அப்புறம் பொய் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேசினாள். அந்த வருஷம் முழுக்க உன் பேரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வருமாம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, பிறகு ஒவ்வொரு வீடாகப் போய் இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது, அது லேசான காரியமா என்றாள். லேசில்லைதான். கசுமா மாடியறையில் போய்ப் படுத்தவன் சாப்பிடக்கூட வரவில்லையாம். ஒரு நாள் காலையில் இறங்கி வந்து, அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அப்பாவிடம், அந்தப் பெண்ணால் வேண்டாம் என்று சொல்ல முடியும் என்றால் என்னாலும் முடியும், எனக்கு இந்தக் கடை வேண்டாம், எனக்கு ரயில் ஓட்டவேண்டும் என்றானாம். சிறு வயதிலிருந்தே அந்த ஆசையாம், கடையின் ஒரே பையன் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஏரிக்கரை ரயில் ஓட்டுகிறான். இசுமோ பக்கம் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டு இரட்டைக் குழந்தைகள். இரண்டும் ஏரியில் வாத்தைப் பார்த்தால் அப்பா ரயிலை நிறுத்து என்று அழுமாம்.

அப்போ கடை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று உன் அம்மா கேட்டாள். சுமியே பின்கட்டுப் பக்கம் தலையை ஆட்டினாள். கசுமாவின் அக்கா அசாகோ நினைவிருக்கிறதா, ஹிரோஷிமாவில் ஏதோ கம்பெனியில் வேலையாக இருந்தாளே. தம்பிக்குக் கடை வேண்டாம் என்று கேள்விப்பட்டதும் அடுத்த ரயிலில் வந்து இறங்கி, இத்தனை வருஷமாக என்னை ஒருத்தராவது கேட்டீர்களா என்று சண்டை போட்டாளாம். இப்போது அப்பாவும் மகளும்தான் செய்கிறார்கள், அப்பா அவளுக்குப் பயந்து நடக்கிறாராம். அதைச் சொல்லும்போது சுமியேவுக்கு முகம் கொள்ளாத பெருமை.

பேச்சுச் சத்தம் கேட்டு அசாகோவே கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், கையில் ஒரு தட்டு. புதிதாக ஒன்று செய்து பார்த்திருக்கிறாள், இன்னும் பேர் வைக்கவில்லை, சாப்பிட்டு உண்மையைச் சொல்லவேண்டும் என்றாள். வெள்ளைப் பயறு விழுதுக்குள் முழுக் கஷ்கொட்டை, மேலே கண்ணாடி மாதிரி மெல்லிய கூழ்ப்பாகு போர்த்தி, உள்ளே லேசாகச் சாம்பல் நிறம். என் படகிலிருந்து குனிந்து பார்த்தால் தண்ணீருக்கு அடியில் தெரியும் கல் மாதிரியே இருந்தது. உன் அம்மா என் காதில், அவித்த வெங்காயம் மாதிரி இருக்கிறது என்றாள். மூங்கில் குச்சியால் பிளந்து வாயில் போட்டேன். பாகு நழுவியது, விழுது கரைந்தது, கடைசியில் கஷ்கொட்டை மாவாக உதிர்ந்தது. ஆறு வருஷமாக நான் எதைத் தின்றுகொண்டிருந்தேன் என்று நினைத்தேன். ஆனால் ஏதோ ஒன்று குறைகிறது. உன் அம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்தாலே தெரியும், மேசைக்கடியில் மிதித்தாள். உண்மையைத்தானே கேட்டாள் என்று, "நல்லா இருக்கும்மா, ஆனா ஒரு சிட்டிகை உப்பு பத்தல" என்று சொல்லிவிட்டேன்.

உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள், இப்போதுதான் ஒரு சண்டை தீர்ந்தது, இந்த மனுஷன் அடுத்ததை ஆரம்பித்துவிட்டார் என்று. அசாகோ என்னைப் பார்த்தாள், பிறகு திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். "ஒரு மாசமா நான் அதையேதான் கத்திக்கிட்டிருக்கேன்" என்று சுமியே தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்தவே முடியவில்லை. அசாகோ தட்டை எடுத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா மாமா" என்று முணுமுணுத்தபடி உள்ளே போனாள், சிறிது நேரத்தில் உப்புச் சேர்த்து இன்னொன்றைக் கொண்டுவந்தாள். அதைப் பற்றி எழுதமாட்டேன், எழுதினால் உனக்கு அழுகை வரும். உன் அம்மா பல்லையும் மறந்து இரண்டு பக்கமும் மென்றாள்.

மழை விட்டதும் கிளம்பினோம். சுமியே தன் செருப்பையே உன் அம்மாவுக்குக் கொடுத்தாள். வாசல் வரை வந்தவள், மினோரி எப்போது வருவாள் என்று கேட்டாள். உன் அம்மா குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். ஊருக்கு வந்தால் யார் கண்ணிலாவது படுவோம் என்று நீ ஜப்பானுக்கு வந்த இரண்டு தடவையும் எங்களை ஒசாகாவுக்கு வரவழைத்து ஓட்டலில் வைத்துப் பார்த்துவிட்டுப் போனதை எப்படிச் சொல்வாள்? சொல்லாமலே சுமியேவுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளைத் தலை குனிஞ்சுக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லுங்க. பசியோட வரச் சொல்லுங்க" என்றாள்.

அடுத்தவர் செருப்பு பெரிதாக இருந்ததால் வீடு வரைக்கும் உன் அம்மா டப் டப் என்று சத்தத்தோடு நடுத்தெருவில் நடந்தாள். நான் வேண்டுமென்றே இரண்டு அடி பின்னாலேயே வந்தேன், அவள் அப்படி நடந்து பார்த்து ரொம்ப நாளாயிற்று.

ஆகவே மகளே, புத்தாண்டுக்கு ஒசாகா வேண்டாம், வீட்டுக்கு வா. உடம்பைப் பார்த்துக்கொள், கம்பளிச் சட்டையை ஈரத்தோடு போட்டுக்கொள்ளாதே, உன் ஆயுசும் வேலையும் நன்றாக இருக்க நாங்கள் இருவரும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். டிக்கெட்டை இப்போதே வாங்கிவிடு, டிசம்பரில் விலை ஏறிவிடும்.

உன் அப்பா,
கென்சாகு