தோப்பில் புதைத்த நாய்

1974 பிப்ரவரி 21, வியாழன்

ஜெர்மனியிலிருந்து வேனிலேயே ஊர் ஊராக வந்திருக்கும் பீட்டரும் அவர் மனைவி மார்த்தாவும் பத்து நாளாக நம் தென்னந்தோப்பில் தங்கியிருக்கிறார்கள். இரண்டு வருடமாக அந்த வேன்தான் அவர்களுக்கு வீடு. கூடவே இரண்டு நாய்கள். பெரிய நாய் இன்று மத்தியானம் செத்துப்போனது.

பக்கத்துக் கடலைக்காட்டில் பெருச்சாளிக்கு நான் வைத்த விஷ உருண்டையைத் தின்றிருக்கிறது. நேற்று வைத்தபோதே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். பாம்பு கடித்திருக்குமா என்று பீட்டர் இங்கிலீஷில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

குழியை நானே வெட்டினேன். மார்த்தா அழுதுகொண்டே என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரி கேட்டாள். "ஏனுங்க, இன்னும் அவங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"எப்படிப் புள்ள சொல்றது? நம்மள நம்பித் தங்கியிருக்கறாங்க."

"அதனாலதானுங்க சொல்லோணும்."

பொழுது சாய்வதற்குள் மிச்ச உருண்டைகளைத் தேடிப் பொறுக்கினேன். எல்லாம் கிடைத்துவிட்டதா என்று தெரியவில்லை. திரும்பும்போது பீட்டர் வந்தார். நாளை கிளம்புவதாக இருந்தார்களாம். நாயை விட்டு உடனே போக மார்த்தாவுக்கு மனம் வரவில்லையாம். இன்னும் ஒரு வாரம் இருக்கலாமா என்று கேட்டார். இருங்கள் என்றேன். சின்ன நாயைக் கட்டியே வையுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.