கண் வரைந்த படம்

செவ்வாய், இரவு.

கேம்ப் கடைத்தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் அப்பா வாங்கித் தந்த கண்ணாடிப் படத்தில், அம்மன் முகத்தில் கண்கள் மட்டும் இல்லை. வரைந்தவர் மறந்துவிட்டார் என்று நினைத்து, இன்று கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் நானே வரைந்தேன்.

அம்மா பார்த்துவிட்டுக் கத்தினாள். "கண்ணைத் திறந்துட்டியேடி! இனிமே அது ஷோகேஸ் பொம்மை இல்ல, சாமி. தினமும் விளக்கேத்தணும். யார் ஏத்துவா, டியூஷனுக்கு வர்ற உன் மராத்தி டீச்சரா? நாளைக்கே கடையில குடுத்துடு."

எனக்குக் கொடுக்க மனமில்லை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். மை முழுவதும் துணிக்கு வந்துவிட்டது. ஆனால் கண்கள் போகவில்லை. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து என்னைப் பார்க்கின்றன.

"தினமும் நானே விளக்கேத்தறேன்" என்று அந்த முகத்திடம் மெல்லச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.