நாலாவது தீப்பெட்டி

வண்ணார்பேட்டை
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஸமீஹாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம், மஸ்கட்டில் நீங்கள் மூவரும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். சுஹைல் ரெண்டரை வயதிலும் புத்தகத்துப் படத்திலிருக்கும் மாம்பழத்தைப் பிய்த்தெடுக்கப் பார்க்கிறான் என்று கவலைப்பட்டாயே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அங்கன்வாடியில் பேச்சி என்றொரு பிள்ளை, மூன்று வயது நிறையவில்லை, தேயிலைத் தோட்டத்தை மூடிவிட்டதால் மாஞ்சோலை மலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கி வந்த முத்துராணியின் மகள், பேச்சு குறைவு. திங்கள் மத்தியானம் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன், அவள் சும்மா திறந்து திறந்து மூடினாள். இந்த வரிசைதான் மாஞ்சோலை, இது பேச்சி வீடு, இது பக்கத்து வீடு என்று தொட்டுத் தொட்டுச் சொன்னேன். சட்டென்று அவள் கை நின்றது. ஒரு புளியங்கொட்டையை நாலாவது பெட்டிக்குள் வைத்து மூடி, "தாத்தா படுத்திருக்கு" என்றாள். மறுநாளும் அதே பெட்டி, அதே சொல்.

முத்துராணியிடம் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. மலையில் அவர்கள் இருந்த வரிசையில் நாலாவது வீடு மாடக்கண்ணு என்கிற வயசாளியுடையதாம், அவர் நாங்குநேரியில் தங்கச்சி வீட்டில் இருப்பதாகத்தான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். "ஞாயித்துக்கெழம மிச்ச சாமான் எடுக்கப் போனோமே டீச்சர், அங்கன ஒரு ஆள் இல்லையே" என்றாள். தங்கச்சிக்குப் போன் போட்டால், "இங்கன வரவே இல்லையே, ஒங்க கூட இருக்காவன்னுல்லா நெனச்சேன்" என்றாராம். அன்றைக்கே ஆட்கள் வனத்துறையில் அனுமதி வாங்கி மேலே போனார்கள். இடுப்பெலும்பு முறிந்து தரையில் கிடந்தார், உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கீழே கூட்டிப் போய்விடுவார்கள் என்று பயந்து ஞாயிறன்று ஜன்னலுக்குப் பின்னால் நின்றாராம், தாயின் தோளில் கிடந்த பேச்சி மட்டும் பார்த்துவிட்டாள், உதட்டில் விரல் வைத்துக் காட்டினாராம். பெட்டிக்கு வீடென்று பேர் கிடைத்த பிறகுதான் அவளுக்கு அதைச் சொல்ல வழி கிடைத்திருக்கிறது. எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டேன். "திங்கக்கெழம பொழுதடையில டீச்சர், அதுவரைக்கும் நல்லாத்தான் நடமாடுனேன்" என்றார். பேச்சி முதலில் சொன்னதோ அன்று மத்தியானமே. பெட்டிக்குள் கொட்டை படுத்துத்தானே கிடக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். இன்று அவள் இன்னொரு பெட்டியைக் காட்டி "டீச்சர் வீடு" என்று கொட்டையும் கையுமாக நின்றாள். நிக்க வையி மக்ளே என்று கெஞ்சிவிட்டேன்.

நீ சுஹைலிடம் இது மாம்பழப் படம், பழம் கூடையில் இருக்கிறது என்று பேசிக்கொண்டே இரு, தானாகப் பிடிபடும். போனைக் கொடுத்து உட்கார வைக்காதே. அவன் எதையாவது திரும்பத் திரும்பச் சொன்னால் என்னவென்று கேள். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக.

உன் உம்மா,
சபீதா