தண்ணீர் தொட்டதைச் சொல்லப்போய்

2005 வைகாசி, செவ்வாய் இரவு

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

சுனாமியில் கடல் வந்த அன்று காரின் சக்கரம் வரை தண்ணீர் ஏறியது. பழுது ஒன்றுமில்லை. ஆனாலும் முறைப்படி காப்புறுதிக் கந்தோரில் சொல்லிவைத்தேன். அதையே இழப்பீடு கேட்டதாக எடுத்து, இத்தனை வருடம் எதுவும் கேட்காததற்காகத் தந்த தள்ளுபடியை நிறுத்திவிட்டார்கள். அது இல்லாமல் காரை வைத்திருக்க என் வாத்தியார் ஓய்வூதியம் போதாது. கார் இல்லாமல் மனைவியைப் பெரியகல்லாற்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை.

இன்று கேட்கப் போனேன்.

"விருப்பமில்லாட்டி ரத்துச் செய்யுங்க ஐயா. அதுக்கும் கட்டணம் இருக்கு" என்றார் எழுதுவினைஞர்.

வழக்கமாக அத்துடன் திரும்பியிருப்பேன். இன்று என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"தம்பி, நான் காசு கேட்டனா? தண்ணி வந்தது எண்டுதானே சொன்னன்!"

பின்னால் நின்ற காத்தான்குடி வியாபாரி சிரித்துவிட்டார். "நனைஞ்சது எண்டு சொன்னாலும் தண்டமா? அப்ப இந்தக் கரை முழுக்கத் தண்டம் கட்டோணும் மாஸ்டர்!"

சத்தம் கேட்டு முகாமையாளர் வந்தார். விசாரித்தார். தள்ளுபடி திரும்பக் கிடைத்தது. நான்தானா பேசினேன்!

வென்று வந்த சந்தோசத்தில் எங்கள் கேற்றிலேயே காரை உரசிவிட்டேன். முறைப்படி அறிவிக்க வேண்டாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"வாயைப் பொத்திக்கொண்டு படுங்க" என்றாள்.

அவள் தூங்கிவிட்டாள். சின்னக் கீறல்தான். ஆனாலும் முறைப்படி...