கழிவறைச் சாவி

என்னங்க,

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேளுங்கள். எங்கள் தையல் கம்பெனியில் கழிவறைச் சாவி சூப்பர்வைசர் இடுப்பில்தான் தொங்கும் என்று சொல்லியிருக்கிறேனே, இன்று அந்தப் பூட்டையே கழற்றிவிட்டார்கள்!

காலையில், மாசமாக இருக்கும், பட்டனுக்குக் காஜா எடுக்கிற பெண் சாவி கேட்டாள். "இப்பதானே போயிட்டு வந்தே?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார் சூப்பர்வைசர். பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே ஒருத்தி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து, "எனக்கும் அவசரம் சார்" என்றாள். பக்கத்து மிஷின் நின்றது. பிறகு அதற்கடுத்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சாவிக்காக வரிசையில் நின்றோம். மிஷின் சத்தம் அடங்கியதும் மேனேஜர் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"யாரும்மா உங்க லீடர்?"

"அவசரத்துக்கு ஏது சார் லீடர்?" என்றாள் காஜாக்காரி. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறே வலித்துவிட்டது. மேனேஜர் அப்போதே பூட்டைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

வம்புக்குப் போகாதே என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அந்த ஒருத்தியும் வம்புக்குப் போகவில்லை, கழிவறைக்குத்தான் போனாள்.

நீங்கள் ஊருக்கு வரும்போது நம் அலமாரியில் ஒரு பழைய பூட்டு இருக்கும். அதை ஏன் எல்லோரும் சேர்ந்து என்னிடம் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி