வாவியைக் கொதிக்க வைக்கும் கணக்கு

ஜூன் 12, வெள்ளி இரவு

நாளை ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை அனுப்ப வேண்டும். அனுப்பப் போவதில்லை.

நம் கிழக்குக் கடலில் மூழ்கி எழுந்து வெப்பநிலை அளக்கும் மிதவை ஒன்று, என் கணினி மொடல் சொன்னதைவிட ஆழத்தில் வெப்பம் கூட என்றது. கருவி பழுது என்று அதன் அளவீடுகளை நீக்கியிருந்தேன். இன்று அதே பகுதிக்கு வந்த வேறொரு மிதவையும் அதையே சொன்னது.

பக்கத்து மேசை ஸ்டெலாவுக்கு ஒரே சிரிப்பு. "மிதவை நல்லாத்தான் கிடக்கு. உன்ட மொடல்தான்டா பழுது."

"வித்தியாசம் ஒரு பாகை செல்சியசில நூறில ரெண்டு பங்குதான். அதுக்கு இவ்வளவு கூத்தா?"

"அந்தச் சூட்டை நம்மட வாவிக்குள்ள கொட்டினா என்ன நடக்குமெண்டு கணக்குப் பாரன்."

எரிச்சலோடுதான் போட்டுப் பார்த்தேன். இங்கிருந்து அந்தமான் வரையான ஆழ்நீர் மட்டும். ஊரைச் சுற்றிக் கிடக்கும் கடலேரியான வாவி முழுவதும் கொதித்து, வற்றி, அடிச்சேறு தெரிகிறது. இன்னும் பல வாவிகளுக்குச் சூடு மிஞ்சுகிறது. பூச்சியம் கூடிவிட்டதோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை.

மொடலைத் திருத்தி மறுபடி ஓட்ட மாதங்கள் ஆகும். பேராசிரியர் கத்துவார். கத்தட்டும். மிதவையைக் கணக்கில் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

வரும் வழியில் கல்லடிப் பாலத்தில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினேன். கீழே வாவி, அசையாமல், எவ்வளவு தண்ணீர்! இத்தனையையும் ஆவியாக்கக்கூடிய சூட்டை விழுங்கிவிட்டுக் கடல் சத்தமே போடவில்லை. நூறில் இரண்டு பங்கு மட்டும் காட்டியது. அதைத்தான் நான் பழுது என்றேன்.