அந்த மோட்டார் சூடாகத்தான் இருந்தது

கவுண்டரே,

இன்று காலை எதிர் எஸ்டேட்டில் மிஷின் வைத்துப் புல் வெட்டினார்கள். நம் படகு மோட்டார் மாதிரியே பெட்ரோலில் ஆயில் கலந்து எரிகிற அந்தப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வாசலுக்குப் போனேன், பட்டறைக்குப் போனேன், ஒரு ஸ்பேனரை எடுத்தேன், எதற்கு எடுத்தேன் என்று தெரியாமல் திரும்ப வைத்தேன். குட்டி போட்ட பூனை மாதிரி எதற்கு இப்படி அலைகிறீர்கள் என்று என் பீவி கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது? நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. நான் பதில் சொல்லவேண்டிய ஆள் நீங்கள்தான்.

எண்பதுகளின் கடைசியில் நம் மலை ஏரியில் ஆறு துடுப்புப் படகுகளைக் குத்தகைக்கு எடுத்தீர்கள். கொட்டச்சேட்டுத் தோட்டத்தில் காப்பியும் ஆரஞ்சும் வைத்திருக்கிற மனுஷனுக்கு இந்தப் படகு ஆசை எங்கிருந்து வந்ததோ! சீசனுக்கு வருகிற கீழ்நாட்டுச் சனங்களுக்குத் துடுப்புப் போடத் தெரியாது. மதியத்துக்கு மேல் காற்றும் மூடுபனியும் சேர்ந்து இறங்கினால் நடு ஏரியில் நின்றுகொண்டு கத்துவார்கள். ஓடிப்போய் இழுத்து வர ஒரு மோட்டார் படகு வேண்டும் என்றீர்கள். படகு இருந்தது, பின்னால் மாட்டுகிற மோட்டார்தான் இல்லை. எஸ்டேட் பம்புசெட்டுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் என்று என்னிடம் வந்தீர்கள். "பாய் கை வெச்சுப் பாத்துச் சொன்னாச் செரிங்க. அப்பறம் நான் பேசறதுக்கு என்ன இருக்குது" என்பீர்கள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா.

உண்மையில் படகு மோட்டாரைப் பற்றி எனக்கும் ஒரு மண்ணும் தெரியாது. மேட்டூர் அணைப் பக்கமும் சேலத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் ஐந்து மோட்டார் பார்த்து, ஏமாறப் பார்த்து, ஏமாறாமல் தப்பித்துத்தான் இரண்டு பேரும் கற்றுக்கொண்டோம். ஓடும்போது பின்பக்க ஓட்டையில் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி வரவேண்டும், வராவிட்டால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கடைக்காரன் பெண்டாட்டி பிள்ளைகளோடு நிற்கும்போதே "ஒண்ணுக்குப் போகுதுங்களா?" என்று மோட்டாரைக் காட்டிக் கேட்டு என் மானத்தை வாங்குவீர்கள். அடிப்பெட்டி ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். இதையெல்லாம் விட நீங்கள் பிடித்துக்கொண்டது ஒன்று. "ஓடற மோட்டாரு எப்பிடியும் ஓடுமுங்க. தூங்கற மோட்டாரு எந்திரிக்குதான்னு பாக்கோணும்." தேய்ந்துபோன இஞ்சினை விற்கிறவன் நாம் போவதற்கு முன்பே ஒரு தடவை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவான், அப்போது முதல் இழுப்பிலேயே கிளம்பிவிடும். அதனால் மூடியைக் கழற்றி, சிலிண்டர் மேல் நான் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, ஜில்லென்று இருந்தால்தான் கயிற்றை இழுக்கச் சொல்வது என்று வழக்கம் வைத்துக்கொண்டோம்.

ஆறாவது மோட்டார் சேலத்தில். விற்கிறவர் யார்? என் தங்கையைப் பெண் கேட்டிருந்த மாப்பிள்ளையின் அண்ணன். தங்கைக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. மூன்று இடம் வந்து தட்டிப்போயிருந்தது. எங்களைப் பெற்ற அத்தா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற காலம் அது. இந்த இடத்திலும் நிக்காஹுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. அவர்கள் வீட்டில் பிரியாணி போட்டு, கை துடைக்கத் துண்டு கொடுத்து, அதற்கப்புறம்தான் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். தண்ணீர் டிரம்மில் மாட்டியிருந்தது, புது வெள்ளைப் பெயிண்ட். ஒரு மாதமாக யாரும் தொடவில்லை என்றார் அவர்.

மூடியைக் கழற்றிக் கையை வைத்தேன். சூடு. ஆறிப்போகிற டீ கிளாஸ் அளவுக்குச் சூடு.

சேலத்து வெயில்தானே என்று நூறு தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். கொட்டகையில் வெயில் ஏது? பக்கத்தில் இருந்த இரும்புச் சாமானெல்லாம் குளிர்ந்து கிடந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களும் பார்த்தீர்கள். "எப்பிடிங்க பாய்?" என்றீர்கள்.

"ஜில்லுன்னு இருக்குதுங்க" என்றேன்.

முழுப் பூசணிக்காயைப் பிரியாணியில் மறைத்தேன், கவுண்டரே. அவரைப் பொய்யர் என்று அவர் வீட்டிலேயே நின்று சொல்லிவிட்டு, எந்த முகத்தோடு அத்தா முன்னால் போய் நிற்பேன்? ஒரே இழுப்பில் கிளம்பியது. மறுபேச்சில்லாமல் வாங்கிவிட்டீர்கள். ஜீப்பில் மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு உங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஆரஞ்சு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தீர்கள்.

அடுத்த வாரம் தங்கைக்கு நாள் குறித்தார்கள். அந்த நாள் வருவதற்குள் சீசன் வந்துவிட்டது. தினமும் காலையில் உங்களுக்கு முன்பே ஏரிக்குப் போய், பிளக்கைத் துடைத்து, கை நோக இழுத்து இழுத்து மோட்டாரைச் சூடாக்கி வைப்பேன். மாப்பிள்ளையின் அண்ணன் செய்த வேலையை நானும் செய்தேன். சொல்லிவிடலாம், நிக்காஹ் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றே ஒவ்வொரு நாளும் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மோட்டார் இரண்டு மணி நேரம் சும்மா நின்றிருந்தது. திடீரென்று காற்று. எதிர்க்கரை ஓரத்தில், பாசி அடர்ந்த இடத்தில், ஒரு படகு கவிழ்ந்துவிட்டது. ஓர் அம்மாவும் இரண்டு குழந்தைகளும். நாம் இரண்டு பேரும் மோட்டார் படகில் குதித்தோம். கயிற்றை இழுத்தேன். இருமியது, நின்றது. மறுபடி இழுத்தேன். அந்த அம்மாவின் குரல் தண்ணீருக்கு மேல் ஒரு தடவை கேட்டது, அடுத்த தடவை கேட்கவில்லை. நான் பைத்தியம் மாதிரி இழுத்துக்கொண்டே இருந்தேன்.

"உடுங்க பாய்" என்றீர்கள். பலகைக்கு அடியிலிருந்து இரண்டு துடுப்பை உருவினீர்கள். அப்படித் துடுப்பு வலிக்கிறதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மூன்று பேரையும் தூக்கிவிட்டீர்கள். சின்னது தண்ணீர் குடித்து நீலமாகிக் கிடந்தது, குப்புறப் போட்டு முதுகில் தட்டி அழவைத்தீர்கள். அது அழுதபோது நானும் அழுதேன். பஜாரில் கேட்டவர்களிடம் எல்லாம், "மலைக் குளிரு அந்த மோட்டாருக்கு ஒத்துக்கலைங்க, பாய் என்ன பண்ணுவாரு" என்றீர்கள். நான் பக்கத்திலேதான் நின்றேன். வாயில் கொழுக்கட்டை. நிக்காஹ் முடிந்த மறு வாரமே அந்த மோட்டாரைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, பெயிண்ட் உரிந்த ஒரு கிழட்டு மோட்டாரை நீங்களே தொட்டுப் பார்த்து வாங்கி வந்தீர்கள். எந்தக் குளிரிலும் மூன்றாவது இழுப்பில் எழுந்துவிடும் அது. என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கப்புறமும் வாரத்தில் நாலு நாள் பட்டறைக்கு வருவீர்கள். டீ குடிப்போம், ஊர்க்கதை பேசுவோம். மோட்டாரைப் பற்றி மட்டும் பேச்சு வராது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். "ஏனுங்க பாய், மழை வருமாட்ட இருக்குதுங்களே" என்று எழுந்துவிடுவீர்கள். இப்படியே போய், ஒரு நாள் நெஞ்சுவலி என்று சேலத்துக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை.

துக்கம் கேட்க உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் வீட்டம்மா காப்பி கொடுத்துவிட்டு, படகுக் காலத்தைப் பற்றி அவர்களாகவே பேச ஆரம்பித்தார்கள்.

"அந்த வெள்ளை மோட்டாரு வாங்கியாந்தாங்க பாருங்கண்ணா, அன்னிக்கு ஊட்டுக்கு வந்ததும் சோறு கூட உங்கலை. சில்வர் ஓக்குக் கட்டைய எடுத்துப்போட்டுத் துடுப்பு செதுக்க உக்காந்துட்டாங்க. மோட்டாரு படகுக்கு என்னத்துக்குங்க துடுப்புன்னு கேட்டேன். பாய் ஊட்டுல நல்ல காரியம் முடியட்டும், அது வரைக்கும் கையில ஒண்ணு இருக்கட்டும்னாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கலைங்கண்ணா."

எனக்கு விளங்கியது. கொட்டகையில் நான் கையை எடுத்த வேகத்தில் கண்டுகொண்டீர்களா, முகத்தைப் பார்த்தா, தெரியவில்லை. வாங்கின அன்றைக்கே என் பொய் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கோபம் கோபமாக வருகிறது உங்கள் மேல். அந்தக் குழந்தை போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அப்போதும் மலைக் குளிர் என்றுதான் சொல்லியிருப்பீர்களா? என் தங்கைக்குப் பேரன் பிறந்துவிட்டான், அவளிடம் இதைச் சொல்ல முடியாது. அத்தாவும் மவுத்தாகிவிட்டார். அந்தச் சூடு தெரிந்த மனுஷர் நீங்கள் ஒருவர்தான், நீங்களும் போய்விட்டீர்கள்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "பொய்தானுங்களே பாய் சொன்னீங்க?" என்று கேட்டிருந்தால், "ஆமாங்க" என்று சொல்லியிருப்பேன். அந்த ஆமாங்க இன்னும் என் தொண்டையிலேயே நிற்கிறது, கவுண்டரே.